விண்டோஸ் லேப்டாப்புக்குள்ள உபுண்டு போட்டேன், ஆமை மாதிரி போகுது – பொண்ணுக்கு ஸ்கூல் ப்ராக்டிகல் வருது

ஏலக்கா_கடை (வண்டிப்பெரியாறு):

எல்லாருக்கும் வணக்கம். முதல்லயே சொல்லிர்றேன், நான் கம்ப்யூட்டர் படிச்சவன் இல்ல, ஏலக்கா மொளகு வாங்கி விக்கிற சின்ன கடை, அதனால தப்பா ஏதாச்சும் கேட்டா திட்டாதீங்க.

பொண்ணு இங்க தமிழ் மீடியத்துல ஒம்பதாவது படிக்குது. கேரளா கவர்மென்ட் ஸ்கூல்ல லேப் முழுக்க லினக்ஸ்தான், விண்டோஸ்ங்கிற பேச்சே கிடையாது. ஜிம்ப், இங்க்ஸ்கேப், ஜியோஜீப்ரா, லிப்ரே ஆபீஸ், பைத்தான்னு எல்லாம் அதுலயே சொல்லிக் குடுக்குறாங்க, பரீட்சையும் அந்தக் கம்ப்யூட்டர்லயேதான். லேப்ல ஒரு மிஷினுக்கு ரெண்டு மூணு பிள்ளைங்க, இது கொஞ்சம் பயந்த சுபாவம், மவுஸ் கையில கிடைக்கிறதுக்குள்ள பீரியட் முடிஞ்சு போகுது. வீட்லயும் அதே மாதிரி வேணும்னு ஒரே பிடிவாதம்.

வீட்ல இருக்கிற லேப்டாப் போன வருஷம் வாங்குனது. ஐ3 13வது ஜெனரேஷன், 8 ஜிபி ரேம், 512 எஸ்எஸ்டி, விண்டோஸ் 11 ஹோம். கடைக் கணக்கு, ஜிஎஸ்டி, புற்றடி ஏலத்துச் சீட்டு, போடி பார்ட்டி பாக்கி எல்லாம் இதுக்குள்ளதான், அதனால விண்டோஸத் தூக்குறதெல்லாம் நடக்காத காரியம். மச்சினன் பையன் சொன்னான்னு, விண்டோஸுக்குள்ளயே இன்னொரு கம்ப்யூட்டர் மாதிரி ஓட்டுற விர்ச்சுவல் பாக்ஸ் இறக்கி, அதுல உபுண்டு 22.04ங்கிற லினக்ஸ் போட்டேன். பொண்ணுக்குத் தாராளமா இருக்கட்டும்னு ரேம் 6 ஜிபி குடுத்தேன், மத்ததெல்லாம் நெக்ஸ்ட் நெக்ஸ்ட்தான்.

இப்ப என்னாகுதுன்னா, ஓப்பன் ஆகவே நாலு நிமிஷம் மேல. எழுத்து அடிச்சா ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணலாம், அப்புறம் மொத்தமா வந்து கொட்டுது. விண்டோஸும் சேந்து படுத்துருது, ஃபேன் சத்தம் ஏலக்கா ட்ரையர் கணக்கா கேக்குது. இது பத்தாதுன்னு அந்தக் கருப்பு ஜன்னல், டெர்மினல், கிளிக் பண்ணா ஒரு ரவுண்டு சுத்திட்டுக் காணாமப் போகுது. நேத்து பொண்ணு என்னத்தையோ அமுக்கி ஸ்கிரீன் முழுக்க உபுண்டு ஆயிருச்சு, வெளிய வர வழி தெரியல, கடைசில பவர் பட்டனைப் பிடிச்சு அமுக்கித்தான் ஆஃப் பண்ணேன்.

லேப்டாப்புக்கு சக்தி பத்தலையா, ரேம் வாங்கிப் போடணுமா? இல்ல நான்தான் எங்கயோ சொதப்பிட்டனா?

செங்கோட்டை_பையன்:

அண்ணாச்சி, விஎம்மெல்லாம், அதான் இந்தக் கம்ப்யூட்டருக்குள்ள கம்ப்யூட்டர், நமக்கெதுக்கு, டூயல் பூட் போட்டு விடுங்க, ஆன் பண்றப்ப விண்டோஸா லினக்ஸான்னு எடுத்துக்கலாம். 512ல ஒரு 80 ஜிபி பிரிச்சுக் குடுத்தா சோலி முடிஞ்சுது, பறக்கும்லா.

கம்பம்_சர்வீஸ்:

தம்பி செங்கோட்டை, டூயல் பூட் நல்லதுதான், ஆனா கணக்கு வழக்கெல்லாம் இருக்குற ஒரே லேப்டாப்புல பார்ட்டிஷன்ல கை வைக்கச் சொல்றியே, பேக்கப் இருக்கான்னு ஒரு வார்த்தை கேட்டியா? கம்பத்துல பதிமூணு வருஷமா சர்வீஸ் கடை வெச்சிருக்கேன், "யூடியூப் பாத்து டூயல் பூட் போட்டேன், விண்டோஸக் காணோம்"னு மாசத்துக்கு ஒருத்தராவது அழுதுகிட்டு வர்றாங்க.

ஏலக்கா அண்ணே, லேப்டாப்புல ஒரு கோளாறும் இல்ல. தலைப்புல ஆமைன்னு சும்மா எழுதிருப்பீங்க, ஆனா உங்க ஸ்கிரீன்ல நெசமாவே ஒரு ஆமை உக்காந்திருக்கும். உபுண்டு ஓடுற ஜன்னலுக்குக் கீழ வலது பக்கம் சின்னச் சின்னப் படமா வரிசையா இருக்கும்ல, அதுல பச்சையா ஒரு ஆமை இருக்கான்னு பாருங்க. ஆமை இல்லாம நீலத்துல வி போட்ட சிப் மாதிரி இருந்தா நான் சொல்ல வர்றது உங்களுக்கு இல்ல.

ஆமைக்கு அர்த்தம் என்னன்னா, ப்ராசஸருக்குள்ள விஎம் ஓட்டுறதுக்குன்னே ஒரு வசதி இருக்கு, இன்டெல்ல விடி-எக்ஸ்னு பேரு. அதை ஒரு நேரத்துல ஒருத்தர்தான் நேரடியாப் பிடிச்சுக்க முடியும். புது விண்டோஸ் 11 லேப்டாப்புல விண்டோஸே அதை முன்னாடியே பிடிச்சு வெச்சுக்குது, விஎம் ஓட்டுறதுக்கு விண்டோஸே வெச்சிருக்கிற ஹைப்பர்-விங்கிற சமாச்சாரம் அடியில சத்தமில்லாம ஓடிட்டு இருக்கும், ஹோம் எடிஷன்லயும்தான். அப்புறம் விர்ச்சுவல் பாக்ஸ் வந்தா அதுக்கு நேர் வழி கிடையாது, ஒவ்வொரு தடவையும் ஹைப்பர்-வி கிட்ட கேட்டுக் கேட்டுத்தான் போகணும். ஜிஎஸ்டிக்கு முன்னாடி குமுளி செக்போஸ்ட்ல ஒவ்வொரு வண்டியா நிறுத்தி பில்லு பாத்து மூட்டைய எண்ணி விட்டாங்கள்ல, அதே கதை. ரோடு நல்லாத்தான் இருக்கும், வண்டி நகராது.

எதுக்கு விண்டோஸ் அதைப் பிடிச்சு வெச்சிருக்குன்னா முக்கால்வாசி கேஸ்ல மெமரி இன்டக்ரிட்டிங்கிற ஒரு செட்டிங்தான். விண்டோஸ் செக்யூரிட்டி திறந்து, டிவைஸ் செக்யூரிட்டி, அதுக்குள்ள கோர் ஐசொலேஷன், அங்க இருக்கும். அதை ஆஃப் பண்ணிட்டு ரீஸ்டார்ட் குடுங்க. ஷட்டவுன் பண்ணி ஆன் பண்ணா பத்தாது, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருக்கறதால அது பாதித் தூக்கத்துலதான் போகும், ரீஸ்டார்ட்டே குடுக்கணும். அப்பவும் ஆமை போகலைன்னா விண்டோஸ் ஃபீச்சர்ஸ்ல போய் விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம், விண்டோஸ் ஹைப்பர்வைசர் பிளாட்ஃபார்ம் ரெண்டுலயும் டிக் இருந்தா எடுத்துட்டு மறுபடி ரீஸ்டார்ட். அதுக்கும் அசையலைன்னா பிசிடிஎடிட்னு ஒரு கமாண்ட் இருக்கு, அதுல ஹைப்பர்வைசர் லாஞ்ச் டைப்பை ஆஃப்னு மாத்தணும், அதை நீங்களா பண்ண வேணாம், அந்த நிலைமை வந்தா இங்க எழுதுங்க, கூட இருந்து சொல்றேன்.

ரெண்டாவது, 6 ஜிபி குடுத்தீங்க பாருங்க, அது பாசத்துல பண்ணது, ஆனா தப்பு. மொத்தமே 8. விண்டோஸ் சும்மா இருக்கும்போதே 3, 4 ஜிபி தின்னுரும். நீங்க 6 எடுத்துக் குடுத்தா மிச்சம் 2ல விண்டோஸ் எப்படி உசுரோட இருக்கும், எல்லாத்தையும் எஸ்எஸ்டில எழுதி எழுதிப் படிக்கும், அதான் ரெண்டும் சேந்து படுக்குது. ரேம் செட் பண்ற இடத்துல பச்சைக் கோடு முடிஞ்சு செவப்பு வருமே, அது எச்சரிக்கை அண்ணே, அழகுக்குப் போட்டதில்ல. 3 ஜிபி குடுங்க, கடை சாஃப்ட்வேர், குரோம் எல்லாத்தையும் மூடிட்டு ஓட்டுங்க. ப்ராசஸர் 1னு இருந்தா 2 ஆக்குங்க, டிஸ்பிளேல வீடியோ மெமரி 128. உபுண்டு உள்ள போய் செட்டிங்ஸ்ல அனிமேஷன ஆஃப் பண்ணிருங்க.

ரேம் பின்னாடி 16 ஆக்குனா நல்லாருக்கும், ஆனா ஆமைய வெச்சுக்கிட்டு 32 போட்டாலும் இதே கதிதான்.

ஏலக்கா_கடை:

கம்பத்து தம்பி, ஆமை இருக்கு!! நிசமாவே பச்சை ஆமை, பொண்ணுதான் கண்டுபிடிச்சுச்சு, இத்தனை நாள் அது ஏதோ அலங்காரம்னு நெனச்சுட்டு இருந்தேன். இப்ப கரண்டு இல்ல, மழை பின்னி எடுக்குது, கரண்டு வந்ததும் பண்ணிட்டுச் சொல்றேன்.

கொழிஞ்சாம்பாறை_டீச்சர்:

வணக்கங்க. நான் பாலக்காடு பக்கம் தமிழ் மீடியம் ஹைஸ்கூல்ல இருக்கேன், ஐடியும் எடுக்கறதால இதுல ரெண்டு மூணு விஷயம் சொல்லோணும்.

நீங்க போட்டது வெறும் உபுண்டுங்க. ஸ்கூல் லேப்ல இருக்கிறது அதே உபுண்டு 22.04 மேல நம்ம கைட், அதான் ஸ்கூல் கம்ப்யூட்டர் சமாச்சாரம் பாத்துக்கற கேரளா கவர்மென்ட் அமைப்பு, தயார் பண்ணது, கைட் குனு லினக்ஸ் 22.04னு 2024ல வந்துச்சு. ஐடி அட் ஸ்கூல்னு 2001ல ஆரமிச்சதுதான் 2017ல கைட் ஆச்சு, அதுக்கு முன்னாடியே லினக்ஸுக்கு மாறியாச்சுங்க. பாடப் புஸ்தகத்துல வர்ற சாஃப்ட்வேர் எல்லாம் அதுல போட்டே வரும். வெறும் உபுண்டுவுல பாப்பா ஒண்ணொண்ணாத் தேடி இறக்கோணும், அப்பவும் ஸ்கூல்ல இருக்கிற மெனு மாதிரி இருக்காது, பரீட்சை சமயத்துல அதுவே தடுமாற்றம். கைட் சைட்லயே ஐஎஸ்ஓ, அதான் இன்ஸ்டால் பண்ற ஃபைல், காசில்லாம கிடைக்குதுங்க. ஃபைல் பெருசு, மொபைல் டேட்டாவுல இறக்காதீங்க, பாப்பாவோட ஐடி டீச்சர்கிட்ட ஒரு பென்ட்ரைவ் குடுத்து விட்டா காப்பி பண்ணிக் குடுத்துருவாங்க. டிஸ்க் 50 ஜிபி குடுங்க. பயப்படாதீங்க, உடனே 50 ஜிபி போயிராது, உள்ள நெறைய நெறையத்தான் வளரும். ஆனா வளந்தது தானாத் திரும்பிக் கொறையாது, உள்ள ஃபைல டிலீட் பண்ணாலும் வெளிய அதே சைஸுதான், அதையும் ஞாபகம் வெச்சுக்கங்க.

இன்னொண்ணு, டெர்மினல் திறக்கலைன்னு சொன்னீங்களே. புது விஎம் உண்டாக்கும்போது விர்ச்சுவல் பாக்ஸ் 7ல "ஸ்கிப் அன்அட்டெண்டட் இன்ஸ்டலேஷன்"னு ஒரு சின்ன கட்டம் இருக்குமுங்க. அதை டிக் பண்ணாம விட்டா அதுவே உங்களைக் கேக்காம இன்ஸ்டால் பண்ணிரும், யூசர் பேரு விபாக்ஸ்யூசர்னு வரும், பாஸ்வேர்டு அதுவே ஒண்ணு வெச்சுக்கும். அப்படிப் போட்ட 22.04ல மொழி செட்டிங் அரைகுறையா நிக்கும், அதனாலதான் டெர்மினல் சுத்திட்டு ஓடுது. செட்டிங்ஸ்ல ரீஜன் அண்ட் லாங்வேஜ் போய் இங்கிலீஷ்லயே வேற நாட்டு இங்கிலீஷ் ஒண்ணை மாத்தி வெச்சு ரீஸ்டார்ட் பண்ணா திறக்கும். திறந்தாலும் அந்த யூசருக்கு சூடோங்கிற அட்மின் உரிமை இருக்காது, ஒரு சாஃப்ட்வேர் போட முடியாது. அதோட மல்லுக்கட்டறதுக்குப் பதிலா அழிச்சுட்டு அந்தக் கட்டத்தை டிக் பண்ணி கையாலயே இன்ஸ்டால் பண்ணிருங்க, இருபது நிமிஷம் கூட ஆகும், அவ்வளவுதான்.

எல்லாம் சரியா ஓடுதுன்னு தெரிஞ்ச உடனே ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வெச்சுக்கங்க. அப்புறம் பாப்பா என்ன வேணா பண்ணட்டும், எதை வேணா அழிக்கட்டும், ஒரு கிளிக்ல பழைய நிலைக்கு வந்துரலாம். எங்க ஸ்கூல்ல பிள்ளைங்க லேப் கம்ப்யூட்டரத் தொடவே பயப்படும், "டீச்சர் ஏதாச்சும் ஆயிட்டா"ன்னு. கெட்டாலும் பரவாயில்லன்னு ஒரு கம்ப்யூட்டர் கையில கிடைச்சா அதுக தன்னாலயே கத்துக்கும். டூயல் பூட்ல இந்தச் சௌகரியம் இல்லீங்க, எனக்கு விஎம் பிடிக்கிறதே இதுக்குத்தான். ஆனா ஸ்னாப்ஷாட்டா அடுக்கிட்டே போகாதீங்க, ஒண்ணு ரெண்டு போதும், இடத்தை அதுவே முழுங்கிரும்.

தமிழ் டைப்பிங்குக்கு ஐபஸ் எம்17என் பாக்கேஜ் இருந்தாப் போதும், கீபோர்டு செட்டிங்ல தமிழ்99 கிடைக்கும். ஆரமிக்கறப்பவே 99 பழக்குங்க, 12 உயிர், 18 மெய், ஆய்தம், 31 கீல மொத்த எழுத்தும் வந்துரும். இங்கிலீஷ்ல அடிச்சு தமிழாக்குற பழக்கம் வந்துட்டா பின்னாடி மாத்தறது சிரமம்.

வாளையார்_நைட்ஷிப்ட்:

கம்பம் நண்பர் சொன்னதுல ஒண்ணு எனக்கு உறுத்துது. மெமரி இன்டக்ரிட்டிய ஆஃப் பண்ணுங்கன்னு சாதாரணமாச் சொல்லிட்டீங்க. அது சும்மா இல்ல, கெட்ட டிரைவர் எதுவும் விண்டோஸோட கர்னலுக்குள்ள, அதான் அதோட உள்மையத்துக்குள்ள, நுழையாமப் பாத்துக்கிறது அதுதான். இவரு ஜிஎஸ்டி, பேங்க் வேலை பாக்குற மிஷின்ல அதைக் கழட்டச் சொல்றது வீட்டுக்கு ஃபேன் காத்து வரலைன்னு வாசக் கதவத் திறந்து போட்டுத் தூங்குற மாதிரி.

நான் கோயம்புத்தூர்ல சிஸ்டம் அட்மின் வேலை பாக்குறேன், ஆபீஸ் லேப்டாப்புல இதைக் கழட்ட விடவே மாட்டோம். வேற வழி இருக்கு. ஜிம்ப், இங்க்ஸ்கேப் மட்டும்தான் வேணும்னா, லினக்ஸ் ஓட்ட மைக்ரோசாஃப்ட்டே குடுக்குற டபிள்யூஎஸ்எல் போதும், விண்டோஸ் 11ல லினக்ஸ் ஆப் ஒவ்வொண்ணும் தனித்தனி ஜன்னலா விண்டோஸுக்குள்ளயே திறக்கும், ஹோம்லயும் ஓடும், அது ஹைப்பர்-விய வெச்சே ஓடுறதால ஆமைப் பிரச்சினையே இல்ல. முழு டெஸ்க்டாப் வேணும்னா விர்ச்சுவல் பாக்ஸ் மாதிரியே விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் ப்ரோ இருக்கு, முன்னெல்லாம் காசு, 2024 மே மாசம் சொந்த உபயோகத்துக்கு இலவசம் ஆக்குனாங்க, நவம்பர்ல எல்லாருக்கும் இலவசம். டிஸ்பிளே அதுல நல்லாருக்கும்.

கம்பம்_சர்வீஸ்:

வாளையார் சாரு, நீங்க சொல்றதுல நியாயம் இருக்கு, நான்தான் ஆஃப் பண்றதுல என்ன ரிஸ்க்னு சொல்லாம விட்டுட்டேன், ஒத்துக்கிறேன். ஆனா விஎம்வேரும் அடியில ஹைப்பர்-வி ஓடுனா அதே செக்போஸ்ட் வழியாத்தான் போகணும், ஆமைப் படம் போட மாட்டான், அவ்வளவுதான். கொஞ்சம் மெதுவாகத்தான் செய்யும். டபிள்யூஎஸ்எல் உங்களுக்கும் எனக்கும் சரி, ஒம்பதாங்கிளாஸ் பிள்ளைக்கு ஸ்கூல்ல பாக்குற அதே மெனு, அதே ஐகான், அதே ஃபோல்டர் வேணும், அதுல அது கிடைக்காதே.

நம்ம தமிழ்நாட்டுல 2011ல இருந்து பிள்ளைங்களுக்குக் குடுத்த இலவச லேப்டாப்புல விண்டோஸோட பாஸ்ங்கிற ஒரு லினக்ஸும் இருந்துச்சு, ஞாபகம் இருக்கா? எங்கிட்ட சர்வீஸுக்கு வந்த அத்தனையிலயும் அது தொடாமக் கெடந்துச்சு. ஸ்கூல்ல சொல்லிக் குடுக்காததை வீட்ல எவன் தொடுவான். உங்க கேரளாவுல ஸ்கூல்ல சொல்லிக் குடுக்குறாங்க, வீட்ல இல்ல. தலைகீழ்.

ஏலக்கா அண்ணே, முடிவு உங்களுது. கண்டதை இறக்கிப் போடுற பழக்கம் இல்லைன்னா, கிராக் சாஃப்ட்வேர் எதுவும் இல்லைன்னா, என் கணக்குல ஆஃப் பண்ணலாம். பரீட்சை முடிஞ்சதும் மறுபடி ஆன் பண்ணி வெச்சுருங்க, அது ஒரு சுவிட்ச்தான்.

வாளையார்_நைட்ஷிப்ட்:

பரீட்சை முடிஞ்சதும் ஆன் பண்றதா இருந்தா சரி. ஒண்ணு மட்டும், யாராச்சும் பயாஸ்ல, அதான் விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி வர்ற செட்டிங்ல, கை வைக்கச் சொன்னா அதுக்கு முன்னாடி டிவைஸ் என்கிரிப்ஷனோட, அதான் டிஸ்கைப் பூட்டி வைக்கிற வசதியோட, ரெகவரி கீய ஒரு பேப்பர்ல எழுதி வெச்சுக்கங்க, உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல இருக்கும். பயாஸ்ல மாத்துனா அடுத்த தடவை ஆன் ஆகும்போது அதைக் கேட்டாலும் கேக்கும், கேட்டா 48 இலக்கம் அடிக்கணும், இல்லைன்னா உள்ள விடாது.

ஏலக்கா_கடை:

நாலு நாளாச்சு, மன்னிக்கணும், கடையில வரத்து ஜாஸ்தி.

ஆமை போயிருச்சு. மெமரி இன்டக்ரிட்டி மட்டும்தான் ஆஃப் பண்ணேன், ரீஸ்டார்ட் குடுத்ததும் அந்த இடத்துல நீல சிப் வந்திருச்சு, மத்த எதுவும் தேவைப்படல. வாளையார் சார் சொன்னது மனசுல உறுத்துச்சு, அதனால பேங்க் வேலை இப்போதைக்கு லேப்டாப்புல கிடையாது, போன்லதான். கிராக் சாஃப்ட்வேர் ஒண்ணு இருந்துச்சு, போட்டோ எடிட் பண்றதுக்கு யாரோ போட்டுக் குடுத்தது, அதையும் தூக்கிட்டேன்.

பழைய உபுண்டுவ அழிச்சுட்டு, டீச்சர் சொன்ன மாதிரி ஸ்கூல்ல பென்ட்ரைவ்ல வாங்கி வந்து அந்தக் கட்டத்தை டிக் பண்ணி கைட் போட்டேன். ரேம் 3 ஜிபி, ப்ராசஸர் 2. முன்னாடி நாலு நிமிஷம் ஆனது இப்ப ஒரு நிமிஷத்துக்குள்ள திறக்குது. ஜிம்ப் திறக்கக் கொஞ்சம் நேரமாகுது, ஆனா ஸ்கூல்லயும் அப்படித்தான் ஆகும்னு பொண்ணு சொல்லுது. டெர்மினல் திறக்குது.

ஸ்கிரீன் முழுக்க ஆன மர்மமும் தெரிஞ்சு போச்சு. வலது பக்கக் கன்ட்ரோலும் எஃப்பும் சேத்து அமுக்கினா போகவும் வரவும் ஆகுமாம், ஆனா எங்க லேப்டாப்புல வலது பக்கக் கன்ட்ரோலே இல்ல, அந்த இடத்துல கோபைலட் பட்டன் வெச்சிருக்கான்! அப்புறம் எப்படி ஃபுல் ஸ்கிரீன் ஆச்சுன்னு கேட்டா மேல வியூ மெனுவுல கிளிக் பண்ணேங்குது. இப்ப விர்ச்சுவல் பாக்ஸ் ப்ரிஃபரன்ஸ்ல இன்புட்னு இருக்குற இடத்துல ஹோஸ்ட் கீய, அதான் அந்த வலது கன்ட்ரோலுக்கு உண்டான வேலைய, வேற கீக்கு மாத்திட்டேன். கீழ நடுவுல மவுஸக் கொண்டு போனா ஒரு குட்டிப் பட்டை வருது, அதுலயும் வெளிய வரலாம், அன்னைக்கு இது தெரியாமத்தான் பவர் பட்டன அமுக்கினேன்.

கரண்டு போறதுக்கும் ஒரு வழி பண்ணிட்டோம். பேட்டரி எறங்குறதுக்குள்ள ஜன்னல மூடி "சேவ் த மெஷின் ஸ்டேட்" குடுத்தா பாதி வரைஞ்ச படம்கூட அப்படியே நிக்குது, மறுநாள் திறந்தா அதே இடம். முந்தாநாள் மட்டும் ராத்திரி திறந்தே வெச்சுட்டுத் தூங்கிட்டா, விண்டோஸ் அப்டேட் தானா ரீஸ்டார்ட் ஆகி இங்க்ஸ்கேப்ல வரைஞ்சது போச்சு, காலைல ஒரே அழுகை.

கடைசியா ஒரு கேள்வி. உள்ள வரைஞ்ச படத்தை விண்டோஸுக்கு எடுக்கணும், பிரின்டர் விண்டோஸ்லதான் இருக்கு. ஷேர்டு ஃபோல்டர்னு போட்டேன், பேரு தெரியுது, திறந்தா உரிமை இல்லைங்குது.

கம்பம்_சர்வீஸ்:

உள்ள இருக்குற லினக்ஸையும் விண்டோஸையும் இணைக்கிற கெஸ்ட் அடிஷன்ஸ் போட்டீங்களா? டிவைசஸ் மெனுவுல கடைசியா இருக்கும். பேரு தெரியுதுன்னா போட்டிருப்பீங்க. அந்த ஃபோல்டர் விபாக்ஸ்எஸ்எஃப்ங்கிற குரூப்புக்குச் சொந்தம், பாப்பாவோட யூசர அந்த குரூப்புல சேக்கணும், டெர்மினல்ல சூடோ போட்டு யூசர்மாட்ங்கிற கமாண்ட்ல ஒரே வரி.

சேத்ததும் லாக் அவுட் பண்ணிட்டு மறுபடி உள்ள வரணும், அதை மறந்துட்டா அதே உரிமை இல்லைங்கிற பாட்டுதான் திரும்பவும்.

கொழிஞ்சாம்பாறை_டீச்சர்:

இங்க்ஸ்கேப் படத்தை அதோட சொந்த ஃபைலான எஸ்விஜியாவே எடுத்துட்டு வந்தா பிரின்ட்ல எழுத்து மாறிரும், விண்டோஸ்ல அந்தத் தமிழ் ஃபான்ட் இருக்காதுங்க. இங்க்ஸ்கேப்லயே பிடிஎஃப்பா சேவ் பண்ணி ஃபோல்டர்ல போடச் சொல்லுங்க.